பிபிக்கு மெதுவான மூச்சு: ஒரு பஸ் டிரைவர் தினமும் செய்யும் முறை

திண்டுக்கல்–நத்தம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறேன். 22 வருஷ சர்வீஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் கண் பரிசோதனை முகாமுக்குப் போன இடத்தில், வந்ததே வந்தீர்கள் என்று பிபியும் பார்த்தார்கள். 168/102. தலைவலி, படபடப்பு எதுவுமே எனக்கு இல்லை, நன்றாகத்தான் இருந்தேன். டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். மாத்திரையில் 150-க்குப் பக்கத்தில் வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. உப்பைக் குறைத்தோம். ஊறுகாயும் கருவாடும் எங்கள் வீட்டில் எப்போதாவது என்றாகிவிட்டது. அதற்கப்புறம்தான் நர்ஸிங் படிக்கும் என் மகள் இந்த மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது என் நோட்டில் 134, 136 என்று ஓடுகிறது. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, உப்பின் பங்கு எவ்வளவு, மூச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்றையும் விடாமல் செய்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் நிறுத்தினார். நாலே மாதத்தில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அவர் மனைவிதான் சோறு ஊட்டிவிடுகிறார். போய்ப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் மனசு ஆறாது. மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். இப்போது நீங்கள் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே எண்ணினால் சரிவராது, கவனம் போனதுமே மூச்சு மாறிவிடும். வீட்டில் யாரையாவது, நீங்கள் பேப்பர் படிக்கும்போது சொல்லாமல் எண்ணச் சொல்லுங்கள். எனக்கு எண்ணியது என் கண்டக்டர். நத்தம் பஸ் ஸ்டாண்டில் நான் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது எண்ணிவிட்டு "பத்தொன்பதுண்ணே" என்றார். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12-லிருந்து 20 வரை இருக்கும். பயிற்சி நேரத்தில் அதை 6-க்குக் கொண்டுவர வேண்டும்.

நான் செய்த தப்பை நீங்களும் செய்துவிடக் கூடாது. மெதுவாக என்று மகள் சொன்னதை ஆழமாக என்று எடுத்துக்கொண்டேன். நெஞ்சு விம்ம, தோள் தூக்க, முடிந்த மட்டும் இழுத்து இழுத்து விட்டேன். மூன்றாவது நிமிஷம் தலை கிறுகிறுத்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, விரல் நுனி மரத்துப்போனது. பயந்துபோய் எழுந்துவிட்டேன். காற்றை அளவுக்கு மீறி இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேவைக்குக் கீழே போய்விடும், அதுதான் கிறுகிறுப்பு என்று மகள் விளக்கினாள். எப்போதும் இழுக்கிற அளவைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்க வேண்டும், நேரத்தை மட்டும் நீட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உட்கார்வதற்கு முதுகு சாயும் நாற்காலி போதும். சம்மணம் போட்டால்தான் ஆகும் என்றில்லை, என் முழங்காலுக்கு அது ஆகாது. பாதம் இரண்டும் தரையில் படட்டும். பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். வாயை மூடி மூக்கால் இழுக்கும்போது அந்தக் கை மெல்ல முன்னால் வர வேண்டும், நெஞ்சில் அசைவு தெரியக் கூடாது. இது பிடிபடவில்லை என்றால், மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் மடித்த துண்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பாருங்கள். துண்டு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

முதல் வாரம் 3 விநாடி இழுத்து 4 விநாடி விடுங்கள். நிமிஷத்துக்கு எட்டு, ஒன்பது மூச்சு வரும், அது போதும். அடுத்த வாரம் 4 இழுத்து 5 விடுங்கள். அதுவும் சுலபமானதும் 4 இழுத்து 6 விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிஷத்துக்கு 6. மனசுக்குள் எண்ணினால் வேகம் கூடிவிடும். நான் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தை வைத்து எண்ணுகிறேன். கடைசி விநாடியில் காற்றுக்குத் திணறினால் 5-க்குத் திரும்பிவிடுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. விடும் மூச்சைத் தள்ளாதீர்கள். சைக்கிள் டியூபில் சின்ன ஓட்டை விழுந்தால் காற்று தானாக இறங்குமே, அப்படி இறங்கட்டும். சளி பிடித்து மூக்கு அடைத்தால், விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து வாயால் விடலாம்.

நடுவில் மூச்சைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பூரகம் (இழுப்பது), கும்பகம் (பிடித்து நிறுத்துவது), ரேசகம் (விடுவது) என்று முறையாகக் கற்றவர்கள் 1:4:2 கணக்கில் கும்பகம் செய்வார்கள். பிபி இருக்கிறவர்களுக்கு அந்தக் கும்பகம் வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமாக அடிக்கிற பயிற்சிகளும் நமக்கு ஆகாது.

எதனால் பிபி இறங்குகிறது என்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். இடது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் முந்தும், விடும்போது பிந்தும். முதல் தடவை அதை உணர்ந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் என்ற நரம்பின் வேலை அது, அதனால்தான் விடும் மூச்சை நீட்டுகிறோம். அப்புறம், கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயிலும் அழுத்தத்தைக் கவனிக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சொல்லி இறக்குவது அவற்றின் வேலை. வெகுநாள் பிபி இருந்தால் அவை மழுங்கிவிடும், மெதுவான மூச்சு அவற்றை மறுபடி சுறுசுறுப்பாக்குகிறது. 2005-ல் வந்த ஓர் ஆய்வைப் பற்றி மகள் சொன்னாள். நிமிஷத்துக்கு 6 மூச்சு விட்டபோதே மேல் அளவு 150-க்குப் பக்கத்திலிருந்து 141-க்கும், கீழ் அளவு 83-க்குப் பக்கத்திலிருந்து 78-க்கும் இறங்கியதாம். உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் வருகிற இறக்கம் அது. நிலைத்து நிற்க தினமும் செய்து, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

தினமும் 15 நிமிஷம் நல்லது, 10-க்குக் குறையாமல் செய்யுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். காலை டூட்டி என்றால் நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருவேன். மாலை டூட்டி என்றால் விடிந்ததும். என் மாதிரி வண்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், கண்ணைச் சொக்கும். வழியை அடைத்துக்கொண்டு எவனாவது குறுக்கே வந்து கோபம் தலைக்கேறினால், இறங்கி நிற்கும் இடத்தில் ஐந்து மூச்சு மெதுவாக விட்டுக்கொள்வேன். அது பயிற்சிக் கணக்கில் வராது.

அளப்பதைப் பற்றி. பயிற்சி முடிந்த கையோடு பிபி பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், அதை எழுதிவைத்து நம்மையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். காலையில் மாத்திரைக்கு முன்னால், இரவு ஒரு தடவை என்று அளக்கிறேன். அதற்கு அரை மணி நேரம் முன்னால் டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, 5 நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் வைத்து, பட்டையை வெறும் தோலில் சுற்றுங்கள். ரொம்ப நாள் நான் காக்கிச் சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டுத்தான் அளந்துகொண்டிருந்தேன், அதனாலேயே கணக்கு தப்பியது. புஜம் பருமனாக இருந்தால் பெரிய பட்டை வாங்குங்கள், சின்னது கூட்டிக் காட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டு அளவில் 135/85, அதற்கு மேலேயே ஓடினால் அது அதிகம்தான்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை அவர் பார்க்க வேண்டியிருக்கும். அளவு 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், வாய் ஒரு பக்கம் கோணுதல் என்று எது இருந்தாலும் மூச்சுப் பயிற்சிக்கு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோட்டில் நான் தேதி, காலை அளவு, இரவு அளவு, எத்தனை நிமிஷம் பயிற்சி என்று நாலு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நைட் டூட்டி வந்து விட்டுப்போன நாளில் அந்தக் கட்டத்தில் சைபர் போடுவேன். மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்கப் போகும்போது அந்த நோட்டை டாக்டரம்மாவிடம் நீட்டுவேன். அவர் கீழ்வரைக்கும் விரலை ஓட்டிவிட்டுத்தான் சீட்டு எழுதுகிறார்.