தூங்குமூஞ்சி மரமா, வாகையா? அடையாளம் பாக்குறது எப்படி

ரோட்டோரம் பெருசா படர்ந்து நிக்கிற தூங்குமூஞ்சி மரத்த நிறைய பேரு வாகைன்னே சொல்றாங்க. ரெண்டும் ஒரே குடும்பம்தான், புளி கூட அதே குடும்பம், ஆனா வாகை நம்ம மண்ணு மரம், தூங்குமூஞ்சி மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவோட வடபகுதிலேருந்து வந்தது.

மொதல்ல தள்ளி நின்னு மொத்த மரத்தையும் பாருங்க. எடம் தாராளமா இருந்தா தூங்குமூஞ்சி உயரத்த விட அகலமா குடை புடிச்சா மாதிரி விரியும். வெனிசுலாவுல மரக்காய்ங்கிற (Maracay) ஊருக்குப் பக்கத்துல இருந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்த 1800ல ஹம்போல்ட்ங்கிற ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் பாத்துட்டு, உயரம் 60 அடிதான் ஆனா கிளை படர்ந்த சுற்றளவு 576 அடின்னு எழுதி வச்சிருக்காரு!

இலை மூடுறத மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, சாயங்காலம் ஆனா வாகையும் மூடும் புளியும் மூடும். ஒரு இலைய பறிச்சு கையில வச்சு பாருங்க, தூங்குமூஞ்சில குட்டி இலைங்க கோணலான டைமண்ட் ஷேப்ல இருக்கும், காம்புகிட்ட சின்னதா ஆரம்பிச்சு நுனிக்கு போகப்போக பெருசாகும், மேல பளபளப்பு, அடியில தடவுனா மெல்லிசா முடி தட்டுப்படும். வாகைக்கு இலை நீள்வட்டமா, நுனி மழுங்கலா இருக்கும்.

பூ இருந்தா ரொம்ப ஈஸி. தூங்குமூஞ்சி பூவுல நாம இதழ்னு நெனைக்கிறது எல்லாம் மகரந்தத் தாள்தான், அடிப்பக்கம் வெள்ளை, நுனி ரோஸ். பூங்கொத்துக்கு நடுவுல இருக்குற ஒரு பூ மட்டும் மத்ததவிட பெருசா வித்தியாசமா இருக்கும், கிட்ட வச்சு பாத்தா அவ்ளோ அழகு. வாகைப்பூ வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்து வாசமா இருக்கும்.

பூ இல்லையா, கீழ குனிஞ்சு நெத்து தேடுங்க, என்னைக் கேட்டா இதுதான் ஏமாத்தாத அடையாளம். வாகை நெத்து தட்டையா, காகிதம் மாதிரி, வைக்கோல் கலர்ல இருக்கும், காத்தடிச்சா மரத்துலயே சலசலக்கும், சங்கப்பாட்டுல கூட அந்த சத்தம் வருது. தூங்குமூஞ்சி நெத்து கருப்பா, தடியா, ஓரம் புடைச்சு இருக்கும், தானா வெடிக்காது. ஒடிச்சு பாருங்க, உள்ள பிசுபிசுன்னு இனிப்பான சதை. ஆடு மாடு தேடிவந்து தின்னும், வெதை சாணியோட போய் வேற எடத்துல மொளைக்கும்.

நீங்களே வெதை போடணும்னா தோல் ரொம்ப கெட்டி, கொதிச்சு எறக்குன தண்ணில போட்டு ஆறவிட்டு ராத்திரி ஊறவச்சு போடுங்க. வீட்டு சுவர் பக்கம் மட்டும் வேண்டாம், வேர் மேலாக்க ஓடும், பெரிய கிளைங்க காத்துல ஒடிஞ்சு விழும்.