தெருவில் மன அழுத்தத்தை அளக்கும்போது நேரும் தவறுகள்

நகரத்தின் பொது இடங்களில் மக்கள் எங்கே பதறுகிறார்கள் என்று ஆராயக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் தேடுவது மணிக்கட்டுப் பட்டையைத்தான். அது தோலின் மின்கடத்துதிறனை அளக்கும். வியர்வைச் சுரப்பிகள் தூண்டப்பட்டால் அளவு ஏறும். அந்த ஏற்றத்துக்கு அப்படியே ‘மன அழுத்தம்’ என்று பெயர் வைத்துவிடுவதுதான் பெரிய தவறு. பழைய நண்பரை எதிர்பாராமல் பார்த்தாலும் ஏறும், வெயிலில் நின்றாலும் ஏறும், படியேறினாலும் ஏறும். உடல் கிளர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் கருவிக்கு எதுவும் தெரியாது. வெப்பநிலையையும் நடைவேகத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவையும், பட்டை கட்டியவர் அமைதியான ஓரிடத்தில் நடக்கும்போதே எடுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது இதற்குப் பயன்படாது.

அடுத்து, அளவு ஏறிய இடங்களைக் குறிக்கும் வரைபடம். தோல் ஒரு தூண்டலுக்கு எதிர்வினை காட்டச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் ஆள் நாலைந்து மீட்டர் தள்ளிப் போயிருப்பார். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தன் பங்குக்குப் பத்து, இருபது மீட்டர் பிசகும். மிரட்டியது சாலைச் சந்திப்பாக இருக்கும்; பழி பக்கத்துப் பூங்காவின் மேல் விழும். மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை உமிழ்நீரில் பார்ப்பதும் தெருமுனை அளவிலான ஆய்வுக்கு ஒத்துவராது. அது உச்சத்தைத் தொடவே 20 முதல் 30 நிமிடம் ஆகும், காலையில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

கேள்வித்தாளிலும் கவனம் வேண்டும். உளவியலாளர் ஷெல்டன் கோயன் குழுவினர் 1983இல் வெளியிட்ட புகழ்பெற்ற மன அழுத்த அளவுகோல், கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் அதை நீட்டினால், அவர் வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார். ‘இங்கே பதற்றமாக இருக்கிறதா?’ என்று பதிலை நாமே எடுத்துக் கொடுப்பதும் கூடாது. ‘இப்போது எப்படி இருக்கிறது?’ போதும்.

என்னைக் கேட்டால், கருவிப் பிழைகளைவிட மோசமானது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் நடப்பது. அங்கே நடமாடுகிறவர்களை மட்டும் கேட்டால், அந்த இடத்தைத் தாங்க முடிந்தவர்களின் கருத்துதான் கிடைக்கும். இருட்டியபின் சுற்றுவழியில் போகும் பெண்கள், நடைபாதை உயரத்தால் வெளியே வருவதையே குறைத்துக்கொண்ட சக்கர நாற்காலிக்காரர், கூட்ட இரைச்சல் தாங்காதவர் யாருமே கணக்கில் வரமாட்டார்கள். முடிவில் மிக மோசமான இடம்கூட ‘அழுத்தம் குறைவு’ என்று பச்சை நிறத்தில் வந்து நிற்கும். அவர்களைத் தேடிப் போய், ‘எந்த வழியைத் தவிர்க்கிறீர்கள், எப்போதிருந்து?’ என்று கேட்டேயாக வேண்டும்.

பங்கேற்றவரின் அடையாளத்தை மறைக்கப் பெயரை நீக்கினால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். பதிவான நடைபாதை தொடங்கும் இடமே ஒருவரின் வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். தரவைப் பகிரும் முன் அந்தப் பாதையின் இரு முனைகளையும் வெட்டிவிடுங்கள்.