பூட்டிய ஏரிக்கரை வீடும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டும்: என் அனுபவம்

கனடாவின் மஸ்கோகா பகுதியில் உள்ள எங்கள் ஏரிக்கரை வீடு குளிர்காலத்தில் பூட்டியே இருப்பதால், குழாய்களில் நீர் உறைந்து அவை வெடிக்காதிருக்க வெப்பநிலையை 10 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, டொராண்டோவிலிருந்தே கைப்பேசியில் கண்காணிக்க, இணையத்தோடு இணையும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியான ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்தினேன். கடுங்குளிரில் அது அடிக்கடி இணைப்பை இழந்தது. வைஃபையில் குறையில்லை, கருவிக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்கச் செய்யும் ‘சி’ கம்பி இணைக்கப்படாததால், மற்றக் கம்பிகளின் வழியே கிடைத்த சிறு மின்னோட்டத்தைக் கொண்டே அது தன் மின்கலத்தை நிரப்பிவந்தது, வீட்டைச் சூடாக்கும் வெப்ப உலை இடைவிடாது ஓடியபோது அதுவும் போதவில்லை. உலையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவருக்குள் பயன்படாமல் சுருண்டிருந்த நீலக் கம்பியை உலையிலும் தெர்மோஸ்டாட்டிலும் உள்ள ‘சி’ முனையங்களில் இணைத்ததும், 24 வோல்ட் மின்சாரம் தடையின்றிக் கிடைத்தது.

மின்வெட்டின்போது வைஃபையும் நின்றுவிடுவதால், வெப்பநிலை எச்சரிக்கை வராமலே போகலாம் என்பது இதைவிடப் பெரிய கவலை. ஆகவே, இணைப்பு நெடுநேரம் அற்றிருந்தாலே சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அழைக்கிறேன்; புறப்படும்போது நீர்வரத்தின் முதன்மை வால்வையும் மூடிவிடுகிறோம்.