விடுதிக்கு வெளியே தங்கும் மாணவரின் ஆண்டுச் செலவைக் கணிப்பது எப்படி?

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் வெளியே அறை தேடும்போது முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். சென்னையா, கோவையா, சிதம்பரமா என்பதை வாடகையை மட்டும் வைத்து முடிவு செய்தால் நடுவாண்டில் பணம் போதாமல் போகும். ஒருவருக்கு ஓராண்டில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைக் கணக்கிட்டு, அந்தத் தொகையை வைத்தே ஊர்களை ஒப்பிட வேண்டும்.

வாடகையைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் போடுங்கள். மூன்று பேர் சேர்ந்து ரூ.12,000 வாடகையில் ஒரு வீடு எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒருவரின் பங்கு மாதம் ரூ.4,000, ஆண்டுக்கு ரூ.48,000. விடுமுறை போகப் பத்து மாதங்களே தங்குகிறார் என்றால், அவர் தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் உண்மையில் ரூ.4,800 ஆகிறது. விடுமுறை மாதங்களுக்கு வாடகை வாங்காத மேன்ஷன் (தனியாள்களுக்கு அறைகளை வாடகைக்கு விடும் கட்டடம்) அல்லது பி.ஜி. (பேயிங் கெஸ்ட் தங்குமிடம்) கிடைத்தால், மாத வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ஆண்டுக் கணக்கில் அது குறைவாக வரக்கூடும். பி.ஜி. ரசீதில் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்கள். தலைக்கு மாதம் ரூ.20,000க்கு மிகாத தங்குமிடத்தில் தொடர்ந்து 90 நாள்களாவது தங்குபவருக்கு 2024 முதல் அந்த வரி விலக்கப்பட்டிருக்கிறது.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் அதை மாதச் செலவில் சேர்க்க வேண்டாம். ஆனால் சேரும் மாதத்தில் அது கையில் இருந்தாக வேண்டும். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. சென்னையில் அதற்கு மேலும் கேட்பவர்கள் இருப்பதால் இதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. காலி செய்யும்போது வெள்ளையடிப்பதற்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தத் தொகையையும் புரோக்கர் கமிஷனையும் திரும்பி வராத செலவாகவே எழுதுங்கள்.

ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு தண்ணீரிலும் மின்சாரத்திலும் தெரியும். சென்னைப் புறநகரில் பல அடுக்குமாடிகள் கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. ஏரிகள் வறண்ட 2019ஆம் ஆண்டுக் கோடையை நினைவில் வைத்து, பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீர் அடங்குமா, தனியே பங்கு போடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கும் பகுதியாக இருந்தால் வாரத்துக்கு எத்தனை கேன் என்று எண்ணிச் சேருங்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை, வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ குறைந்த கட்டணப் படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விகிதம் உயர்ந்துவிடும். ஏ.சி. உள்ள வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடத்தில் அந்த 100 யூனிட் சலுகை உங்களுக்கு வந்து சேராது.

சாப்பாட்டுச் செலவை மெஸ் கட்டணத்தோடு முடித்துவிட வேண்டாம். மெஸ் மூடியிருக்கும் வேளைகளையும், மாலை டீ, பலகாரத்தையும் சேருங்கள். சமைப்பவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் வசதியாக இருக்கும். கையிருப்பு மிகவும் இறுகிய மாதங்களில், ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தரும் அம்மா உணவகம் பக்கத்தில் இருப்பது உண்மையான உதவி.

பயணச் செலவில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அன்றாடப் போக்குவரத்து. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரைச் சுற்றி அறை எடுப்பவருக்கு நடையும் சைக்கிளும் போதும். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ தங்குபவருக்கு மின்சார ரயிலின் சீசன் டிக்கெட் செலவைத் தாங்கும் அளவில் வைத்திருக்கும்; ரயில் பாதையிலிருந்து விலகிய அறை, வாடகை குறைந்ததாக இருந்தாலும், ஷேர் ஆட்டோவில் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மாணவியரின் கணக்கு இங்கே குறையும். ஆயினும் இருட்டிய பிறகு பாதுகாப்பாகத் திரும்புவதற்கான ஆட்டோச் செலவையோ, கல்லூரிக்கு அருகிலுள்ள அறையின் கூடுதல் வாடகையையோ அவர்களுக்குக் கட்டாயச் செலவாகவே எழுத வேண்டும்; அதை ஆடம்பரம் என்று வெட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மற்றொன்று சொந்த ஊர்ப் பயணம். திருப்பூரிலிருந்து கோவைக்கு வந்தவர் வாரந்தோறும் வீட்டுக்குப் போய் வரலாம்; திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்தவருக்கு ஒவ்வொரு பயணமும் கனமான செலவு. தீபாவளி, பொங்கல் நேரத்தில் ஆம்னி பேருந்துக் கட்டணம் ஏறிவிடும். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறப்பதால் பண்டிகைத் தேதிகளைக் குறித்துவைத்து, முன்பதிவு திறக்கும் அன்றே பதிவு செய்ய முயலுங்கள். இடம் கிடைக்காத ஒரு பயணத்துக்காவது பேருந்துக் கட்டணத்தைக் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, அறைத்தோழர் ஒருவர் பாதியில் விலகினால் புதியவர் கிடைக்கும்வரை அவருடைய பங்கை மற்றவர்கள் சுமக்க நேரும். ஒரு மாத வாடகைப் பங்களவு தனியே ஒதுக்கிய பிறகே கூட்டுத்தொகையைப் போடுங்கள். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் வெளியே தங்கும் உணவு, உறைவிடச் செலவையும் நியாயமான அளவுக்குக் கடனில் சேர்க்க இடமுண்டு. ஆகவே இந்தக் கணக்கை விண்ணப்பத்துக்கு முன்பே தயாரித்து வங்கியில் கொடுங்கள்.