பிரேக்டவுன் ஆன பிக்கப்பைக் கயிறு கட்டி இழுப்பது எப்படி?

கயிறு கட்டி இழுக்கும்போது எல்லாரும் முன்னால் போகிற வண்டியையே கவனிப்பார்கள். ஆனால் கஷ்டமான வேலை பின்னால் வரும் பிக்கப்பை ஓட்டுபவருக்குத்தான். அதனால் இருவரில் நன்றாக ஓட்டத் தெரிந்தவரைப் பின்னால் உட்கார வையுங்கள்.

முதலில், இந்த வண்டியை இழுக்கலாமா என்று பாருங்கள். பிரேக் அல்லது ஸ்டீயரிங் பழுதென்றால் கயிறே வேண்டாம், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றாலும் அதுதான் நல்லது. இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் சுற்றாது; சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே இருப்பதெல்லாம் உராய்ந்து கெட்டுவிடும். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பா? வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

சரி, மேனுவல் கியர், பிரேக்கும் நன்றாக இருக்கிறது. பின்பக்கம் உள்ள சரக்கை இறக்குங்கள். காலி பிக்கப்பே ஏறக்குறைய 2 டன் வரும். இழுக்கும் வண்டி குறைந்தது அதே எடையாவது இருக்க வேண்டும்.

கயிறு 4 முதல் 5 மீட்டர் நீளம் போதும். கொஞ்சம் இழுபடும் நைலான் கயிறு நல்லது; சங்கிலி இழுபடாது, ஒவ்வொரு திடீர் இழுப்பும் நேராக சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இறங்கும். கட்டும் முன் கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். நடுவில் முடிச்சுப் போட்டு ஒட்டவைக்கவும் கூடாது, முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் வெகுவாகக் குறையும்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் உயிரே இருக்கிறது. சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பர், ஸ்டீயரிங் ராடு, டிரெய்லர் மாட்டும் உருண்டை எதுவும் ஆகாது. உருண்டை பிய்த்துக்கொண்டால் குண்டு மாதிரி பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்க ஷேக்கிள் (U வடிவ இரும்பு வளையம்) போட்டால், அதன் குறுக்கே வரும் திருகு பின்னை முழுக்கத் திருகி, கால் சுற்று தளர்த்தி விடுங்கள். இல்லையென்றால் இழுவையில் இறுகி, கழற்றவே வராது. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

இப்போது பிக்கப்புக்குள் வாருங்கள். சாவியைத் திருப்பி ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவிப்பு, இரண்டு வண்டியிலும் நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். பிரேக்கை மூன்று நான்கு முறை மிதியுங்கள். பெடல் கல்லாக இறுகும். இன்ஜின் இல்லாமல் பிரேக் இப்படித்தான் இருக்கும், முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். ஸ்டீயரிங்கும் அப்படியே கனக்கும். இதைக் கிளம்பும் முன்பே காலுக்கும் கைக்கும் பழக்கிக்கொள்ளுங்கள்.

முன்வண்டி முதல் கியரில் மெல்ல நகர்ந்து கயிறு விறைத்த பிறகுதான் இழுக்க வேண்டும். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். விரைவுச் சாலைப் பக்கமே போகாதீர்கள். பின்னால் இருப்பவர் லேசாக பிரேக் தொட்டுக் கயிற்றைத் தொய்யாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தொய்ந்தால் சக்கரத்தில் சிக்கும், மறுபடி இழுபடும்போது வண்டியைத் திடீரென வெட்டி இழுக்கும். நிற்கும்போதும் இறக்கத்திலும் பிரேக் பிடிப்பது அவர்தான். முன்வண்டிக்காரர் ஹாரன் அடித்தோ கை காட்டியோ முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் போடுங்கள். அப்புறம் முன்வண்டியைச் சற்றே பின்னால் எடுத்துக் கயிறு தளர்ந்த பிறகு ஷேக்கிளில் கை வையுங்கள்.