பன்னீர் திராட்சை: கவாத்துத் தேதி குறிப்பதிலிருந்து பழம் வெட்டும் நாள் வரை

திராட்சைத் தோட்டம் புதிதாகக் கைக்கு வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன மருந்து அடிக்கணும்?" என்றுதான். வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் பந்தலைப் பார்க்க வந்த பிள்ளைகளும் சரி, குத்தகைக்கு எடுத்தவர்களும் சரி, கேள்வி அதே. நான் திருப்பிக் கேட்பது, "கவாத்து எந்தத் தேதி?" கவாத்து என்றால் கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது. பன்னீர் திராட்சையில் பாதி மருந்துச் செலவு கவாத்துத் தேதியிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் குறிப்பைத் தேதியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம். ஒண்ணேகால் ஏக்கர். என் மாமனார் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் இன்னும் அசையாமல் நிற்கிறது. போட்டிருப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்கிற பன்னீர் ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் திராட்சை இதுதான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாசிக் பக்கம் ஏப்ரலில் கொடி வளர ஒரு கவாத்து, அக்டோபரில் காய்ப்புக்கு ஒரு கவாத்து, ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கவாத்துக்கும் பழம் உண்டு. வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. கொஞ்சம் ஓய்வு கொடுத்து ஓட்டினால் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை பார்க்கலாம். அதனால்தான் இங்கே எந்த மாதம் வந்தாலும் யாராவது ஒருவர் தோட்டத்தில் பழம் தொங்குகிறது.

எந்த மாதமும் வெட்டலாம் என்பதால் எந்த மாதமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். காலண்டரை எடுத்து, கவாத்து நாளிலிருந்து இரண்டு இடங்களைக் குறியுங்கள். ஒன்று, ஐந்தாவது ஆறாவது வாரம்: பூ வரும் நேரம். இன்னொன்று, பதின்மூன்றாவது வாரத்திலிருந்து வெட்டு வரை: பழம் நிறம் மாறி இனிப்பு ஏறும் நேரம். இந்த இரண்டு நேரத்திலும் மழை ஆகாது. பூவில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் கொத்தையே கருக்கிவிடும். பழுக்கும்போது பெய்தால் பழம் வெடிக்கும், ஒன்று வெடித்தால் சாறு வடிந்து பக்கத்துப் பழமும் அழுகும். செப்டம்பரில் கவாத்து செய்தால் பூ அக்டோபரில் வரும், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். ஜூலைத் தொடக்கத்தில் வெட்டினால் பழுப்பது அந்த மழையில் மாட்டும்.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் வெட்டினால் வெயிலில் பூத்து ஏப்ரல், மே மாதம் பழம் வரும். மே மாதம் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். இந்த இரண்டும் நம்பிச் செய்யலாம். ஏப்ரலில் மாம்பழம் சந்தைக்கு வந்துவிடும், மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், விலை இறங்கும் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் சுத்தமான கொத்துக்கு ஒரு விலை உண்டு, வெடித்த பழத்துக்கு விலையே கிடையாது. ஐந்து அறுவடைக்கு ஆசைப்பட்டு மழையில் பூக்கவிடுவதைவிட, கொடிக்கு இரண்டு மூன்று வாரம் கூடுதல் ஓய்வு கொடுத்துத் தேதியைத் தள்ளிப்போடுவது மேல் என்பது என் கருத்து. இடம் இருந்தால் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் வெட்டுங்கள். விலையும் ஒரே நாளில் நம்மைக் கவிழ்க்காது, வீட்டு ஆட்களும் எல்லா வேலைக்கும் தாங்குவார்கள்.

தேதி முடிவானதும் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. கவாத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாக நிறுத்திவிட வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்துகொண்டே இருக்கும், கொடியும் சோரும்.

வெட்டும் முறைக்கு வருகிறேன். முதல் நாள் ஆட்களோடு நீங்களும் கத்தரியைப் பிடித்து நில்லுங்கள். பென்சில் கனத்தில், பட்டை நன்றாகப் பழுப்பேறிய கிளைதான் காய்க்கும் கிளை. சந்தேகம் வந்தால் நுனியில் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள்: நடுச்சோறு பழுப்பாக இருந்தால் முற்றியது, பச்சையாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. முற்றியதில் நான்கு கண் (தளிர் கிளம்பும் மொட்டு) விட்டு வெட்ட வேண்டும். மெலிந்தது, பச்சையாக இருப்பது எல்லாம் ஒன்று அல்லது இரண்டு கண்ணில் வெட்டிவிடுங்கள். அவை இந்தத் தடவை காய்க்காது, அடுத்த தடவைக்குக் கிளை கொடுக்கும். கடைசிக் கண்ணுக்கு ஒட்டி வெட்டாமல் அரை அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். மாமா என்னிடம் கத்தரியைக் கொடுத்தபோது சொன்னது ஒரே வார்த்தை: "ஏத்தா, கண்ணு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்து வெட்டு." பந்தலில் காலியாக இருக்கும் பக்கம் பார்த்த கண் கடைசிக் கண்ணாக நின்றால், புதுக்கிளை அந்தப் பக்கம் ஓடி இடத்தை நிரப்பும். கூட்டமான பக்கம் பார்த்தால் இருட்டில் இருட்டு சேரும், காற்று புகாது, சாம்பல் நோய் குடியேறும்.

ஒப்பந்தத்துக்கு விட்டால் வேகமாக முடியும், ஆனால் எல்லாக் கிளையையும் ஒரே மாதிரி நான்கு கண்ணில் வெட்டிக்கொண்டே போவார்கள். நாளொன்றுக்கு இரண்டு வரிசை குறைந்தாலும் பரவாயில்லை, தினக்கூலிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கிளையையும் உருவிய இலையையும் அன்றன்றே தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். நோயின் வித்து அதில்தான் தங்கும். அப்புறம் தண்டில் உரிந்து தொங்கும் பழைய பட்டையைக் கையால் உரித்தெடுங்கள். மாவுப்பூச்சி ஒளிவதும், கண்ணைக் குடையும் வண்டு முட்டை வைப்பதும் அந்தப் பட்டைக்கு அடியில்தான். எங்கள் வீட்டில் இது அத்தையின் வேலை. சாக்குத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு தண்டையும் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுப்பார், பச்சைத் தோல் காயப்படாது. இந்த வேலையைச் செய்கிற தோட்டத்தில் மாவுப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து கண்கூடாகக் குறைகிறது.

கையோடு, பூஞ்சண நோயைத் தடுக்கும் போர்டோ கலவை அடிக்க வேண்டும். பாக்கெட்டில் தயாராக வருவது ஆயிரம் இருந்தாலும் இதை வீட்டில் செய்வதுதான் எனக்குத் திருப்தி. ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து ஐம்பது லிட்டர் தண்ணீரில் தொங்கவிட்டால் தானாகக் கரையும். சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் நீற்றி, ஆறவிட்டு, ஐம்பது லிட்டராக்கி வடிகட்டுங்கள். இரண்டுக்கும் பிளாஸ்டிக் தொட்டிதான், இரும்பு வாளியும் தகர டின்னும் கூடாது. பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். மாற்றி ஊற்றாதீர்கள், திரிந்துபோகும். வானநீலத்தில் கொழகொழப்பாக வந்தால் சரி. தீட்டிய கத்தியை அதில் ஒரு நிமிடம் நனைத்து எடுத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே அடித்தால் கருக்கும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்து, கத்தி சுத்தமாக வரும்வரை சோதியுங்கள். கலந்த அன்றே அடித்து முடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

தூரைச் சுற்றிக் கொத்திவிட்டுத் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுங்கள். பொட்டாஷை மட்டும் பாதி இப்போது, பாதி அறுபதாம் நாள் என்று பிரித்துவையுங்கள். அளவை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள், பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து அல்ல. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

பத்து நாள் வாக்கில் கண் பொங்கும். தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாரம் அது. பழுப்புக் குச்சியில் முதலில் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை, அதன் நுனியில் இளஞ்சிவப்பு, இரண்டு நாளில் நகக்கண் அளவு இலை. அழகைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள், வண்டு வருவதும் இந்த வாரம்தான். பொங்குகிற கண்ணை அது சுரண்டித் தின்றால் அந்தக் கண்ணில் கொத்து கிடையாது. தட்டில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கீழே பிடித்துக்கொண்டு கொடியை உலுக்கினால் பொத்துப் பொத்தென்று விழும். ஒரு ஏக்கர், ஒண்ணரை ஏக்கருக்கு வீட்டு ஆட்களே இதைச் செய்துவிடலாம்.

நான்கைந்து இலை விரியும்போதே கொத்து தெரிந்துவிடும். கொத்து இல்லாத மெலிந்த தளிரை அப்போதே ஒடித்துவிடுங்கள். கிளை நீளும்போது கம்பியில் படர்த்திக் கட்டுங்கள், சுருள் சுருளாகப் பற்றிக்கொள்ளும் இழைகளைக் கிள்ளுங்கள், பக்கத் தளிரைக் கிள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து கண் வந்ததும் நுனியையும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொடி இலைக்கே சத்தைக் கொட்டும். கொத்துக்கு மேலே ஒரு கூரையாக இலை இருக்க வேண்டும், ஆனால் நடுப்பகலில் பந்தலுக்கு அடியில் நின்றால் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழ வேண்டும். எவ்வளவு இலை எடுப்பது என்பதற்கு எங்கள் அளவு அதுதான்.

பூ இருக்கும்போது மருந்துப் பம்பைத் தொடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும்தான் காவல். காலையில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேலே எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் பொட்டு, கீழே வெள்ளைப் பூசணம் என்றால் அடிச்சாம்பல். மேல்பக்கமே மாவு தூவிய மாதிரி இருந்தால் சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, கடையில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் பணமும் போய் நாளும் போய்விடும்.

காய் பட்டாணி அளவுக்கு வந்ததும் கொத்தைக் கம்பிக்குக் கீழே தொங்கும்படி எடுத்துவிடுங்கள். நெருக்கமான கொத்தில் ஐந்தில் ஒரு பங்கு காயைச் சின்னக் கத்தரியால் எடுத்துவிடலாம், உள்ளே இருக்கும் சின்னக் காய்தான் முதலில் போக வேண்டும். எங்கள் பக்கம் பலர் இதைச் செய்வதில்லை, கூலி கட்டாது என்கிறார்கள். எடுத்த கொத்தையும் எடுக்காத கொத்தையும் வெட்டு நாளில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அடுத்த தடவை விடமாட்டார்கள். மழை வந்தாலும் இடைவெளி விட்ட கொத்தில் வெடிப்பு குறைவு.

நிறம் மாறத் தொடங்கியதும் மைனாவும் இருட்டியபின் வௌவாலும் வரும். ஓரங்களில் வலை கட்டுங்கள்.

வெட்டுக்கு அவசரப்படுத்த வியாபாரி வருவார். கேரளத்து வண்டி காத்திருக்கிறது, நாளைக்கே வெட்டணும் என்பார். பன்னீர் திராட்சை பறித்த பிறகு பழுக்காது. கொடியில் ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். மேல் பழம் கறுத்திருப்பதைப் பார்த்து ஏமாறாமல், கொத்தின் வால் நுனியில் இருக்கும் பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள். கடைசியாகப் பழுப்பது அதுதான். அதில் புளிப்பு போய், பன்னீர் வாசம் மூக்கில் ஏறினால் வெட்டலாம். தண்ணீரை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். விலையை வெட்டுவதற்கு முன்பே பேசி, எடை போடும் இடம், கழிவு எவ்வளவு, பணம் எப்போது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய பழத்தை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

பனி ஈரம் காய்ந்ததும் காலையிலேயே வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பழத்தின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு கை பட்டால் அழிந்துவிடும், வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். நசுங்கியதையும் வெடித்ததையும் கொத்திலிருந்து கிள்ளியெடுத்துவிட்டுப் பெட்டியில் காம்பு மேலே இருக்கும்படி அடுக்குங்கள். உதிர்ந்த நல்ல பழத்தை நாங்கள் வீட்டுக்கு எடுத்துவருவோம். அத்தை அதைப் பிசைந்து, சர்க்கரை போட்டு, லேசாகக் கொதிக்கவிட்டு வடிகட்டிப் பானையில் குளிரவைப்பார்.

வெட்டு முடிந்த வாரமே தோட்டத்தை மறந்துவிடுவதுதான் பலருடைய வழக்கம். அந்த வாரம் ஒரு தண்ணீர் கொடுங்கள், இலையை நோயில்லாமல் காப்பாற்றுங்கள். அடுத்த காய்ப்புக்கான கிளை முற்றுவது இந்த ஓய்வில்தான். மூன்று வாரமாவது விட்டுவிட்டு, பட்டை பழுப்பேறியதா என்று பார்த்து, மறுபடியும் காலண்டரை எடுங்கள்.