படகு டாஷ்போர்டில் ஜெல்கோட் பெயராமல் துளை வெட்டியது

மொரீஷியஸில் கிராண்ட் பே பக்கம் நிற்கும் எங்கள் ஃபைபர் படகில் ஜிபிஎஸ் திரை பதிக்க வேண்டியிருந்தது. பவளப்பாறை சூழ்ந்த கடலில் அது இல்லாமல் இருட்டில் கரை திரும்ப எனக்கு மனம் ஒப்பாது.

முதலில் டாஷ்போர்டின் பின்பக்கம் ஒயரும் ஸ்டீயரிங் கேபிளும் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டேன். திசைகாட்டியிலிருந்து திரை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், அதையும் அளந்தேன்.

மேல்பூச்சான ஜெல்கோட் கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாகப் பெயரும். அதனால் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி, அதன் மேல்தான் கோடு போட்டேன். நான்கு மூலையிலும் துளை. ட்ரில்லை முதலில் தலைகீழ்ச் சுற்றில் ஓட்டினால் பிட் கொத்தாமல் ஜெல்கோட்டைத் தேய்த்தே கடக்கும், அப்புறம் நேர்ச்சுற்று. மூலை வளைவாக இருந்தால் பின்னாளில் விரிசல் ஓடுவதும் குறையும். துளைகளை ஜிக்சா என்ற மின்ரம்பத்தால் வெட்டி இணைத்தேன். சாதாரண பிளேடு மேல்நோக்கி வெட்டிப் பூச்சைக் கிளப்பிவிடும், கீழ்நோக்கிய பல் உள்ளதே நல்லது. கோட்டுக்குச் சற்று உள்ளேயே வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தேன். ஃபைபர் தூள் மூச்சுக்குக் கெடுதல், முகமூடி கட்டாயம்.

வெட்டிய இடத்தில் பிளைவுட் தெரிந்தது. ஈரம் ஏறினால் உளுத்துப்போகும். விளிம்பு முழுக்க எபாக்சி பிசின் பூசி, காய்ந்த பிறகே திரையைப் பொருத்தினேன்.